சிறையில் இருப்பவருக்கு மருத்துவம்: தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன தருகிறது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டில் ஒருவர் சிறைக்குப் போய்விட்டால் குடும்பம் முதலில் வக்கீலைத் தேடும். அவருடைய சர்க்கரை மாத்திரை, ஆஸ்துமா பம்ப் எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வரும். அதிகாரிகளிடம் கேட்கவும் கூச்சம். தாராளமாகக் கேட்கலாம்.

காவலில் இருக்கும் எவருக்கும் அரசு செலவில் போதிய மருத்துவம் தரவேண்டும் என்கிறது 1996 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு. தண்டனை பெற்றவர், விசாரணைக்குக் காத்திருப்பவர், போலீஸ் ஸ்டேஷனில் அடைக்கப்பட்டவர் எல்லோரும் இதில் அடக்கம். 1998ஆம் ஆண்டின் சிறைச் சட்டப்படி, உள்ளே சேர்ந்தவுடன் உடல்நலப் பரிசோதனை நடக்க வேண்டும். பழைய நோய், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. கிளினிக் கார்டின் நகல் இருந்தால் இன்னும் நல்லது.

சொந்த டாக்டரை வரவழைக்கலாம். அவரிடமே சிகிச்சை பெறச் சிறைத் தலைவரின் அனுமதி வேண்டும், செலவும் நம்முடையதுதான். அழகுக்கான சிகிச்சைக்கு அரசு பணம் தராது. சம்மதமில்லாமல் யாருக்கும் சிகிச்சை தரக்கூடாது. மறுப்பதால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு.

சரி, சட்டத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 'இருக்கும் வசதிக்குள்' மருத்துவச் சேவை தரவேண்டும் என்று சிறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு எழுதியிருக்கிறது. சிறைத் துறை சாக்குச் சொல்ல இது வசதியான வரி. நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. 1997இல் கேப் உயர் நீதிமன்றத்தில், வெளியே அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைக்குக் கிடைக்காத எச்ஐவி மருந்தைக் கைதி கேட்கலாமா என்று அரசு வாதிட்டது. நெரிசலில் அடைத்து வைத்திருப்பதால் கைதிக்குத் தொற்று ஆபத்து அதிகம், அதனால் அரசின் கடமையும் அதிகம் என்றது நீதிமன்றம். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தவர்களுக்கு மருந்து தரச் சொன்னது. 2006இல் நம் டர்பனிலேயே, வெஸ்ட்வில் சிறைக் கைதிகளுக்கு எச்ஐவி மருந்து கிடைக்கத் தடையாக இருப்பவற்றை நீக்கும்படி நீதிபதி பிள்ளை உத்தரவிட்டார்.

கேப்டவுனின் போல்ஸ்மூர் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபோது காசநோய் பிடித்த டட்லி லீயின் வழக்கு இன்னும் முக்கியமானது. அவருக்கு நோய் தொற்றியதற்கு 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அரசையே பொறுப்பாளியாக்கியது.

மருந்து வரவில்லையா? கைதிக்குத் தினமும் புகார் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் சட்டம். புகாரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் சிறைக்கு வந்துபோகும் சுயேச்சைப் பார்வையாளரிடம் போகலாம். அவர் சிறைகளுக்கான நீதித்துறை ஆய்வகத்தைச் சேர்ந்தவர். அந்த ஆய்வகத்துக்குக் குடும்பத்தாரும் நேரடியாக எழுதலாம். மருந்தின் பெயரையும் அது நின்ற தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.