வைக்காத ஸ்டென்ட்

பெரியப்பாவின் இதயக் குழாய் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்ற கம்பி வலையை வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த வாரம், பார்க்கப் போன எல்லோருக்கும் காபியோடு, ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே படங்களின் சிடியும் கிடைத்தது. லேப்டாப்பில் போட்டு விரலால் தொட்டுக் காட்டுவார். "இங்க பாரு, நூல் மாதிரி இருக்கு. இப்ப பாரு, எப்படி ஓடுது!" கறுப்பு வெள்ளையில் ஒரு குழாய், நடுவில் ஒரு நெரிசல், அடுத்த காட்சியில் நெரிசல் இல்லை. "மறுநாளே மாடி ஏறினேன்டா, நெஞ்சு இறுக்கவே இல்லை." நான் தலையாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. அந்த இறுக்கம் போனதற்குக் காரணம் உள்ளே வைத்த கம்பி வலையா, வெளியே கொடுத்த சிடியா?

கிண்டலாகத் தெரியலாம். இதய மருத்துவம் இந்தக் கேள்வியை முறைப்படி கேட்டு முடிக்க நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது. 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல்முறையாக ஒருவரின் இதயக் குழாய்க்குள் பலூனை உப்ப வைத்து அடைப்பை விரித்தார். 1986-ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்கள் மனித இதயத்துக்குள் போயின. ஸ்டென்ட் வைத்ததாக நம்ப வைத்து, உண்மையில் வைக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்ட முதல் பரிசோதனை வெளியானது 2017-ல்.

மேலே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மாரடைப்பு வந்து குழாய் திடீரென்று முழுசாக மூடிக்கொண்டவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சண்டையே இல்லை. நான் பேசுவது இன்னொரு கூட்டத்தைப் பற்றி: வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும், மாதக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், பெரியப்பா மாதிரி ஆட்கள்.

மாத்திரையைச் சோதிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். அதே நிறம், அதே வடிவம், அதே கசப்போடு மருந்தே இல்லாத ஒரு மாத்திரை செய்து பாதிப் பேருக்கு அதைக் கொடுக்கலாம். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உடம்புக்குள் வைக்கும் கருவிக்கு இப்படி ஒரு போலி எங்கே கிடைக்கும்? இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் என்ற அறையின் குளிர், மணிக்கட்டில் குத்தும் ஊசி, மேலே சுற்றும் எக்ஸ்ரே இயந்திரம், கையெழுத்து வாங்கிய காகிதம், வெளியே சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம், கடைசியில் "அடைப்பு போச்சு" என்று ஒரு டாக்டர் சொல்லும் சொல். இதில் ஒவ்வொன்றும் ஒரு மருந்துதான். அளக்கப் போவது வலி என்றால், வலி இந்த மருந்துகளுக்கெல்லாம் நன்றாகவே கட்டுப்படும்.

இதை அமெரிக்காவில் 1950-களின் கடைசியிலேயே பார்த்துவிட்டார்கள். அப்போது நெஞ்சு வலிக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது: மார்பெலும்பின் ஓரமாக ஓடும் இரண்டு தமனிகளைக் கட்டிவிடுவார்கள், அந்த ரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்தது என்றார்கள். சியாட்டிலில் லெனார்ட் காப் என்ற இதய மருத்துவரின் குழு 17 பேரை எடுத்துக்கொண்டு, 8 பேருக்குத் தமனியைக் கட்டியது, 9 பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தது. 1959-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். அடுத்த வருடம் கான்சாஸிலிருந்து வெளிவந்த இதே மாதிரியான ஆய்வில், வெறும் கீறல் மட்டும் வாங்கிய ஐந்து பேருக்கும் வலி குறைந்திருந்தது. அந்த அறுவை சிகிச்சை அதோடு ஒழிந்தது.

பாடம் கண்ணெதிரே இருந்தும், ஸ்டென்ட் வந்தபோது யாரும் அந்த வழியில் போகவில்லை. வைக்காமல் விடுவது ஏமாற்று வேலை, நோயாளிக்கு ஆபத்து, அதோடு குழாய் திறப்பது கண்ணால் தெரிகிறதே, இன்னும் என்ன சோதனை என்று ஒரு தெனாவட்டும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அதனால் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். திறந்த குழாய் திறந்தே இருக்கிறதா?

இதற்கு நோயாளியின் வாய்மொழி தேவையில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஆஞ்சியோ (இதயக் குழாய்களின் எக்ஸ்ரே படம்) எடுத்து, யாருக்கு எது வைத்தது என்று தெரியாத ஒரு தனி ஆய்வகத்துக்குப் படங்களை அனுப்பி, மில்லிமீட்டர் கணக்கில் அளந்தால் போதும். வெறும் உலோக ஸ்டென்ட்டில் ஒரு தொல்லை இருந்தது. காயம் ஆறும்போது குழாயின் சதை வளர்ந்து வலைக்குள் புகுந்து மறுபடி அடைத்துவிடும். சரி, வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை உலோகத்தின் மேலேயே பூசினால் என்ன என்று யோசித்து, ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த சிரோலிமஸ் என்ற மருந்தைப் பூசினார்கள். 238 பேரை வைத்து நடந்த ராவல் பரிசோதனையின் முடிவு 2002-ல் வந்தது. ஆறு மாதத்தில் மறு அடைப்பு வெறும் ஸ்டென்ட்டில் 26.6 சதவீதம், மருந்து பூசியதில் பூஜ்யம். மருத்துவத்தில் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் அந்த மருந்து சதை வளர்ச்சியை மட்டும் தடுக்கவில்லை, உலோகத்தின் மேல் மெல்லிய தோல் படர்ந்து மூடுவதையும் தாமதப்படுத்தியது. மூடப்படாத உலோகம் ரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தால், என்றோ ஒரு நாள் அதன் மேல் ரத்தம் உறையும். அது ஆறாவது மாதத்து ஆஞ்சியோவில் தெரியாது. 2006-ல் பார்சிலோனாவில் நடந்த இதய மருத்துவ மாநாட்டில் இந்தப் பயம் வெடித்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையையும் மாதக்கணக்கில் விடாமல் சாப்பிடும் வழக்கம் அழுத்தமாகிப்போனதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது.

கருவிப் பரிசோதனையில் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அப்சார்ப். உலோகமே இல்லாமல், மக்காச்சோளத்திலிருந்தெல்லாம் செய்கிறார்களே, அந்த பாலிலாக்டைடு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்டென்ட் அது. குழாயைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்துவிட்டு மூன்று வருடத்தில் கரைந்து போய்விடும். கேட்கவே அழகாக இருந்தது, எனக்கும் அப்போது பிடித்திருந்தது. 2,008 பேரிடம் நடந்த பரிசோதனையில் ஒரு வருடத்துக்குள் இதயம் சார்ந்த மரணம், அந்தக் குழாயால் வந்த மாரடைப்பு, அதே இடத்தில் மறு சிகிச்சை, இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் அப்சார்ப் பக்கம் 7.8 சதவீதம், உலோக ஸ்டென்ட் பக்கம் 6.1 சதவீதம். (மரணத்தையும் மறு சிகிச்சையையும் ஒரே மூட்டையில் கட்டி எண்ணுவது இந்தத் துறையின் வழக்கம். தனித்தனியாக எண்ணினால் எண்ணிக்கை போதாது என்பது நியாயமான காரணம்தான், ஆனாலும் படிக்கும்போது மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது நல்லது.)

புதியது கொஞ்சம் மோசமாக இருக்கிறதே, எப்படித் தேறியது? பரிசோதனையின் கேள்வி "புதியது மேலானதா?" என்பது கிடையாது. "பழையதைவிட ரொம்ப மோசமாகிவிடவில்லையே?" என்பதுதான். எவ்வளவு மோசம் என்றால் ரொம்ப மோசம் என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். இங்கே அந்தக் கோடு 4.5 சதவீதப் புள்ளி. தற்செயலின் ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் கோட்டைத் தாண்டவில்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அது நல்லதாகப் போயிற்று. மூன்றாவது வருடக் கணக்கில் வலைக்குள் ரத்தம் உறைந்தவர்கள் அப்சார்ப் பக்கம் 2.3 சதவீதம், உலோகப் பக்கம் 0.7. பிளாஸ்டிக் உலோகத்தைவிட பலவீனமானது, அதனால் கம்பியை ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமனாகச் செய்ய வேண்டியிருந்தது. தடித்த கம்பி ரத்த ஓட்டத்தைக் கலக்கும். கரையும்போது சில இடங்களில் ஒழுங்காகவும் கரையவில்லை. 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள்.

இந்தக் கோடு போடும் முறையைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். சூரத்தில் செய்யும் சுப்ராஃபிளெக்ஸ் ஸ்டென்ட்டை ஐரோப்பாவின் 7 நாடுகளில் 1,435 பேரிடம், அங்கே பெயர்பெற்ற சயன்ஸ் (Xience) ஸ்டென்ட்டோடு மோத விட்டு, மோசமில்லை என்று 2019-ல் காட்டியதும் இதே முறையில்தான். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று 2017 பிப்ரவரியில் உச்ச விலை வைத்த நாட்டுக்கு அந்த முடிவு சின்ன விஷயமில்லை.

எல்லாம் சரி. ஆனால் கவனித்தீர்களா, ஸ்டென்ட் பற்றி இதுவரை சொன்ன பரிசோதனைகள் எல்லாமே ஸ்டென்ட்டுக்கும் ஸ்டென்ட்டுக்கும் நடந்த போட்டி. பெரியப்பா மாடி ஏறிய கதைக்கு இன்னும் பதில் வரவில்லை.

அதற்குப் பதில் தேடியது லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரஷா அல்-லமீயின் குழு. பரிசோதனையின் பெயர் ஆர்பிட்டா. ஒரே ஒரு குழாயில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, முதல் ஆறு வாரம் மாத்திரைகளைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர்களே வாரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை போன் செய்து விசாரித்தார்கள். (இந்தக் கவனிப்பு எனக்குக் கிடைத்தால் பாதி வியாதி போய்விடும்.) பிறகு டிரெட்மில்லில் ஓட வைத்து நேரம் குறித்துக்கொண்டு, கேத் லேபுக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே நடந்தது ஏறக்குறைய நாடகம். நோயாளியின் காதில் ஹெட்போன், அதில் பாட்டு, கூடவே மயக்கம் தரும் மருந்து. குழாய்க்குள் கம்பியை விட்டு அழுத்தத்தை அளப்பது வரைக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அதற்கு அப்புறம்தான் யாருக்கு எது என்று குலுக்கல் முடிவு செய்யும். 105 பேருக்கு ஸ்டென்ட். மீதி 95 பேரைக் குறைந்தது கால் மணி நேரம் மேசையிலேயே படுக்க வைத்துவிட்டு, எதுவும் வைக்காமல் கம்பியை உருவிவிட்டார்கள். உள்ளே இருந்த டாக்டருக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை, அதனால் அவர்கள் வார்டு பக்கமே போகவில்லை. வார்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கு எதுவும் தெரியாது. ஸ்டென்ட் இல்லாதவர்களும் ரத்தம் உறையாத அந்த இரண்டு மாத்திரைகளையும் சாப்பிட்டார்கள், இல்லாவிட்டால் மருந்துச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு ஒரு விலையும் இருந்தது: வைக்காத குழுவில் 4 பேருக்கு அந்த அழுத்தம் அளக்கும் கம்பியாலேயே சிக்கல் வந்து, ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. போலிச் சிகிச்சை என்றால் ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று அர்த்தமில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபடி டிரெட்மில். ஸ்டென்ட் வைத்தவர்கள் முன்பைவிட சராசரியாக 28.4 வினாடி கூடுதலாக ஓடினார்கள். வைக்காதவர்களும் 11.8 வினாடி கூடுதலாக ஓடினார்கள். இடையில் 16.6 வினாடி, அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. இதயத் தசையின் அசைவைப் பார்க்கும் எக்கோ சோதனையில் ஸ்டென்ட் வேலை செய்தது நன்றாகத் தெரிந்தது. குழாய் திறந்தது, ரத்தம் ஓடியது, மனிதர் மட்டும் எதிர்பார்த்த தூரம் ஓடவில்லை.

முடிவு வந்ததும் பெரிய சண்டை. 200 பேர் போதாது, ஆறு வாரம் போதாது, மாத்திரையை அவ்வளவு கவனமாகக் கொடுத்தால் ஸ்டென்ட்டுக்கு வேலையே மிச்சம் இருக்காது என்றெல்லாம் சொன்னார்கள். கடைசி வாதத்தில் விஷயம் இருக்கிறது, அதே குழு அதையும் சோதித்தது. 2023-ல் வெளியான ஆர்பிட்டா-2-ல் 301 பேர், இந்த முறை நெஞ்சு வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, 12 வாரம், தினமும் வலி இருந்ததா என்று போனில் ஒரு ஆப்பில் பதிவு. இப்போது ஸ்டென்ட் தெளிவாக ஜெயித்தது: டிரெட்மில்லில் ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசம், வலியே இல்லாதவர்கள் ஸ்டென்ட் பக்கம் 40 சதவீதம், மற்ற பக்கம் 15. ஒரே கருவி, மாத்திரையோடு கேட்டால் ஒரு பதில், மாத்திரை இல்லாமல் கேட்டால் வேறு பதில். குழாய் நன்றாகத் திறந்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி முழுசாகப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை, ஆஞ்சியோவில் கண்ணுக்கே தெரியாத நுண்குழாய்களும் அதில் சந்தேகப் பட்டியலில் உண்டு.

முதல் ஆர்பிட்டாவில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஆறு வாரம் முடிந்ததும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வைக்கவே இல்லை என்று கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலானோர், சரி இப்போது வைத்துவிடுங்கள் என்று வைத்துக்கொண்டார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "வைக்காதவங்களுக்கும் சிடி குடுத்தாங்களாடா?" என்றார்.