பெர்பெரினுக்கு ஒரு கூட்டாளி

சென்னை ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் மரமஞ்சள் கேட்டால் ஒரு கட்டைத் துண்டைத் தருவார்கள். வெட்டிய பக்கம் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற வேதிப்பொருள்.

நம் மூலிகைகளில் இப்படி எத்தனை பொருள்கள்! தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பில் மட்டும் 4,010 தாவரங்கள், 17,967 வேதிப்பொருள்கள். கிருமியை அடக்கும் மருந்து எதில் இருக்கிறது என்று அத்தனையையும் பிரித்தெடுத்துச் சோதிக்க ஓர் ஆயுள் போதாது. அதனால்தான் முதலில் சலித்தெடுக்கும் வேலையைக் கணினியிடம் விடுகிறார்கள்.

முதலில் கிருமிக்கு உயிர்நாடியான ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதாரணமாக கைரேஸ். டிஎன்ஏ முறுக்கைச் சரிசெய்யும் இந்தப் புரதத்தைத்தான் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் தாக்குகிறது. அணு அணுவாக அளந்த இதன் வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புரதத்தில் ஒரு குழி இருக்கும். மென்பொருள் நம் மூலிகைப் பொருளின் மூலக்கூறை அதற்குள் வைத்துத் திருப்பும், மடக்கும், மறுபடி வைத்துப் பார்க்கும். இரண்டையும் ஈர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு அமைந்தால் மதிப்பெண் கூடும், அணுக்கள் இடித்துக்கொண்டால் குறையும். கடைசியில் கிலோகலோரியில் ஓர் எண் வரும். மதிப்பெண் கூடக் கூட இந்த எண் மைனஸ் பக்கம் இறங்கும்; மைனஸ் 6ஐவிட மைனஸ் 9 நல்ல பிடிப்பு. ஆட்டோடாக் வினா போன்ற இலவச மென்பொருள் இருந்தால், கல்லூரி மாணவரின் லேப்டாப்பே போதும்.

சரி, எண் நன்றாக வந்துவிட்டது. மருந்து கிடைத்துவிட்டதா? அப்படிச் செய்தி போடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த எண் வெறும் மதிப்பீடு. மூலக்கூறு பெரிதாக இருந்தாலே மதிப்பெண் தாராளமாக விழும். அப்புறம், புரதம் நெளிந்துகொண்டே இருப்பது, கணக்கிலோ பெரும்பாலும் கல்லாக நிற்பது.

பெர்பெரினையே பாருங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிக்குள் அது நுழைந்ததும், கிருமியிடம் உள்ள நார்-ஏ என்ற புரதப் பம்பு அதை வெளியே இறைத்துவிடுகிறது. குழியை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இந்தப் பம்பு தெரியாது. ஆனால் செடிக்குத் தெரிந்திருக்கிறது! பெர்பெரின் உள்ள சில அமெரிக்கச் செடிகளை ஆராய்ந்தபோது, அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் அவையே தயாரிப்பது 2000இல் தெரியவந்தது. தனியாக அது இந்தக் கிருமியைக் கொல்லாது. கைரேஸை மட்டும் வைத்துச் சலித்திருந்தால், இந்தக் கூட்டாளி சல்லடையில் தங்காமல் கீழே போயிருக்கலாம்.