பசித்து வரவில்லை அந்த மான்

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை உயிரியல் பூங்காவில் முதல் வேலை குப்பை பொறுக்குவதுதான். கீப்பர்கள் ஆளுக்கொரு சாக்கை எடுத்துக்கொண்டு அடைப்புகளுக்குள் இறங்குவார்கள். அங்கே கால்நடை மருத்துவராக இருக்கும் நான், எந்த விலங்கு தீனி எடுக்கவில்லை என்ற செய்திக்காகக் காத்திருப்பேன். பல வருடங்களாக இப்படித்தான் போகிறது. இந்த முறை செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது.

“டாக்டரம்மா, காது கிழிஞ்ச பெட்டை அசை போடல. நேத்தும் போடல.”

கூட்டமாக இருக்கும் மான்களுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. ஏதாவது ஓர் அடையாளம்தான் பெயர். இது இடது காது நுனி கிழிந்த பெண் புள்ளிமான். அதன் காலடியில் இரண்டு மாதக் குட்டி ஒன்று இருந்தது. அசை போட வேண்டிய விலங்கு அசை போடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். மாட்டைக் கட்டிப்போட்டு ஊசி போடுவது போல மானுக்குப் போட முடியாது. விரட்டினால் கம்பி வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். மோதாமல் தப்பினாலும், பயந்து ஓடிய ஓட்டத்திலேயே தசை சிதைந்து இரண்டு மூன்று நாளில் சாகக்கூடும். மயக்க ஊசி போடலாம் என்றால், வயிறு உப்பிய மானுக்கு அதுவே ஆபத்து. தீனியிலும் தண்ணீரிலும் கலந்து கொடுக்க முடிந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் விடிகாலையில் இறந்துவிட்டது.

போஸ்ட்மார்ட்டத்தில் முதல் வயிற்றைத் திறந்ததும் உள்ளே ஒரு பெரிய தேங்காய் அளவுக்கு உருண்டை. பாலித்தீன் கவர்கள், சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளித்தாள், ரப்பர் பேண்டு எல்லாம் நாரோடு சேர்ந்து கயிறு போல முறுக்கிக் கிடந்தன. தண்ணீர்க் குழாயின் அடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு கவரின் பாதியை மென்றிருந்தது, ஆனால் கைப்பிடியில் போட்ட முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். முடிச்சின் மடிப்புக்குள் கொஞ்சம் எண்ணெய், ஒரு கறிவேப்பிலை, நாலைந்து கடுகு. யாரோ வீட்டில் காலையில் எழுந்து தாளித்துக் கட்டிய எலுமிச்சைச் சாதம். அவர்கள் மானைக் கொல்ல வேண்டும் என்று வரவில்லை. சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கவரோடு வேலிப் பக்கம் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ‘பாவம், சாப்பிடட்டும்’ என்று நினைத்திருப்பார்கள்.

இந்தப் ‘பாவம்’தான் என்னை இதை எழுத வைத்தது.

பூங்காவில் நடந்து போகும்போது தினமும் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “பாரு, கிட்ட வருது, பசிக்குது போல.” தயவுசெய்து கேளுங்கள். அதற்குப் பசிக்கவில்லை. காலையில் பசுந்தீவனம் போட்டிருக்கிறோம், அடர்தீவனம் எடை போட்டு வைத்திருக்கிறோம், உப்புக்கட்டி தொங்குகிறது. எந்த விலங்குக்கு எந்த நேரம் எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுதி, மிச்சம் வைத்தால் மிச்சத்தையும் எழுதுகிறோம். பிறகு ஏன் வேலிக்கு வருகிறது? வேலிக்கு வந்தால் உப்பும் இனிப்பும் கிடைக்கும் என்று உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பழக்கிவிட்டார்கள், அதனால் வருகிறது. நம் வீட்டுக் குழந்தை வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் மிட்டாய்க் கடையைப் பார்த்ததும் கையை நீட்டுகிறதே, அதைப் பசி என்றா சொல்கிறோம்?

அடுத்து வருவது, “ஒரே ஒரு பிஸ்கட்டுதானே மேடம்.” ஆமாம், உங்களுடையது ஒன்றுதான். உங்களுக்குப் பின்னால் நிற்பவருடையதும் ஒன்றுதான். விடுமுறை நாளில் அந்த வேலியோரம் எத்தனை ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மாவுப்பண்டம் அதிகமாக உள்ளே போனால் அசை போடும் விலங்கின் வயிற்றில் அமிலம் ஏறும். மாடு வளர்க்கும் எந்த வீட்டிலும் கேளுங்கள், பொங்கலும் சோறும் அளவுக்கு மேல் தின்ற மாடு என்ன ஆகும் என்று சொல்வார்கள். மானுக்கும் அதே வயிறுதான்.

அப்புறம், “எது வேணும் எது வேண்டாம்னு அதுக்கே தெரியும்” என்பார்கள். தெரியாது. காட்டில் கிடைக்கும் இலைகளில் எது விஷம் என்று ஓரளவு தெரியும். பாலித்தீன் கவர் காட்டில் இல்லை. சாம்பார் வாசனை அடிக்கும் கவர் மானுக்குச் சாப்பாடுதான். உள்ளே போனது அசை போடவும் மேலே வராது, கீழேயும் இறங்காது. வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நான் அந்த வயிற்றிலிருந்து எடுத்தவற்றில் எதுவும் தடைக்கு முந்தைய பழைய கவர் இல்லை.

பெரியவர்கள் சிலர் புண்ணியம் என்று நினைத்துப் போடுகிறார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாயில்லா ஜீவன்மா, ஒரு வாழப்பழம் குடுத்தா என்னம்மா?” என்று கேட்டார். நல்ல மனது. அவர் பழத்தை நீட்டிக்கொண்டிருந்தது கருமந்திக்கு. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

குரங்கு என்றால் வாழைப்பழம் என்று முதல் வகுப்புப் படத்திலிருந்து நமக்குப் பதிந்துவிட்டது. கருமந்தி பெரும்பாலும் இலை தின்னும். அதன் வயிறு பல அறைகள் கொண்டது. மாட்டுக்கு நடப்பது போலவே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைத்துத்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. அதற்குள் இனிப்புப் பழமும் கிரீம் பிஸ்கட்டும் போனால் வயிறு மத்தளம் போல உப்பிவிடும். சாயங்காலம் இரவுக் கூண்டுக்குள் வந்ததும் மூலையில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கீப்பர் கட்டிவிட்ட அரசங்கொப்பைத் திரும்பியும் பார்க்காது. அதைப் பார்த்திருந்தால் அந்தப் பாட்டி பழத்தைத் தன் பைக்குள்ளேயே வைத்திருப்பார்.

பக்கத்து அடைப்பில் இருக்கும் சிங்கவால் குரங்கையும் இதையும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்கள். ஆனால் ஐந்து நிமிடம் நின்றால் போதும், பிறகு வாழ்நாளில் குழப்பம் வராது. சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வாலின் நுனியில் சிறு குஞ்சம். கருமந்திக்குத் தலை மட்டும் பொன்பழுப்பு, வால் நீளம். சாப்பிடும்போது பாருங்கள்: சிங்கவால் கிடைத்ததையெல்லாம் கன்னப்பையில் திணித்துக்கொண்டு போய், தனியாக உட்கார்ந்து நிதானமாக மெல்லும். கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. ஒரு கொப்பைப் பிடித்து இழுத்து, கொழுந்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கிள்ளித் தின்னும். குட்டி பிறந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அம்மா கரிய நிறமாக இருக்க, மார்போடு ஒட்டிய குட்டி செம்பழுப்பாக இருக்கும்; சில வாரங்களில் கறுத்துவிடும். ஒரு காலத்தில் இந்த விலங்கைக் கருங்குரங்கு லேகியத்துக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அதில் எந்த மருந்தும் இல்லை. இன்றைக்கும் யாராவது காதோடு விசாரிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இப்படி ஒரு விலங்கைத் தெரிந்துகொள்ளத்தான் உயிரியல் பூங்கா. சென்னை வண்டலூரில் இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஏறக்குறைய 600 ஹெக்டேர். 1985-இல் அங்கே போவதற்கு முன் அது ஊருக்கு நடுவில், சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தது. தொடக்கம் 1855. விலங்குகளுக்கு இடம் வேண்டும், மறைவு வேண்டும் என்றுதான் காட்டோரத்துக்கு மாற்றினார்கள். ஆகவே, போனவுடன் எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே நாளில் எல்லா அடைப்பையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமே தெரியல” என்பதைவிட, நாலே நாலு அடைப்பைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நில்லுங்கள். காலையில் திறந்ததும் போங்கள். உச்சி வெயிலில் பெரும்பாலான விலங்குகள் வெளியே நிற்காது.

சிங்கம் தூங்கும். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடத் தூங்கும், அதன் இயல்பு அப்படி. “எழுந்திரிடா” என்று கத்துவதும் கம்பியைத் தட்டுவதும் எதற்கு? முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தால் உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். “உசுரோட இருக்கா, பொம்மையா?” என்று பார்க்கக் கல்லை எறிகிறார்கள். அந்தக் கல் கண்ணில் பட்டால் ஒரு கண் போச்சு. குளத்தில் போடும் காசை முதலை விழுங்கினால் அறுத்து எடுக்க வேண்டி வரலாம். மக்களே, முதலைக் குளத்தில் காசு போட்டால் எந்த வேண்டுதலும் நிறைவேறாது.

இன்னொரு புகாரும் வரும்: வாரத்தில் ஒரு நாள் புலிக்குப் பட்டினி போடுகிறார்கள் என்று. பல பூங்காக்களில் அது வழக்கம்தான். காட்டில் புலிக்குத் தினமும் வேட்டை அமையாது. மற்ற நாட்களில் ஏழெட்டு கிலோ இறைச்சி சாப்பிடும் உடம்புக்கு அந்த ஒரு நாள் ஓய்வு நல்லது.

நம்மிடமிருந்து அவற்றுக்கு நோய் போகும் என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். குரங்குகளுக்கு நம் காசநோயே வரும். நீங்கள் கடித்துவிட்டு மீதியை நீட்டும் கொய்யாவில் உங்கள் எச்சில் இருக்கிறது. சளி, இருமல் இருந்தால் அன்றைக்கு வராதீர்கள், அடுத்த வாரம் வாருங்கள்.

குழந்தையோடு வருபவர்களுக்கு: அகழிச் சுவரின் மேல் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்காதீர்கள். போட்டோவுக்காகக்கூட வேண்டாம். அப்படியும் யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கல்லெறியாதீர்கள், கூச்சல் போடாதீர்கள். கீப்பரைக் கூப்பிடுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். 2014 செப்டம்பரில் டெல்லியில் வெள்ளைப் புலியின் அடைப்புக்குள் ஒருவர் விழுந்தபோது மேலே நின்றவர்கள் கூச்சலிட்டுக் கல்லெறிந்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

சாப்பாட்டை அடைப்புப் பக்கம் பிரிக்காதீர்கள். எவர்சில்வர் டப்பாவில் கொண்டு வாருங்கள், காலி டப்பா வீட்டுக்குப் போகட்டும். விலங்குக்குத் தீனி போடுவது, சீண்டுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவில் குற்றம், சிறைவரை போகலாம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் கீப்பர் “போடாதீங்கண்ணே” என்று சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகிறார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன். அவரோடு பேசிப் பாருங்கள். எந்த ஆண் புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து புதிதாக வெல்வெட் போன்ற தோலோடு முளைக்கிறது, எது கூட்டத்தில் முதலில் தண்ணீருக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். புள்ளிமானின் புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருக்காது. பார்த்துப் பழகினால் நீங்களே பிரித்துச் சொல்லலாம். முன்னங்காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டினால் அது பயந்திருக்கிறது. இரண்டடி பின்னால் வாருங்கள்.

கட்டாயம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டால், வண்டலூரில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. உங்கள் ஊர்ப் பூங்காவிலும் விசாரியுங்கள். பிறந்தநாளுக்கு ஒரு நாள் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்.

காது கிழிந்த மானின் குட்டியை நாங்கள் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினோம். முதல் இரண்டு நாள் காம்பை வாயில் வாங்கவே இல்லை. மூன்றாம் நாள் கீப்பர் அண்ணன் பாலைத் தன் விரலில் தொட்டு அதன் நாக்கில் வைத்தார். இப்போது இலை கடிக்கப் பழகிவிட்டது, கூட்டத்தோடு சேர்த்துவிட்டோம். ஆனால் மனிதக் கையில் வளர்ந்ததால் அதற்கு நம்மிடம் பயமே இல்லை. மற்ற மான்கள் ஒதுங்கும்போது இது மட்டும் நேராக வேலிக்கு வந்து, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து உங்கள் கையை மோந்து பார்க்கும். சும்மா மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்.