காவடி இறக்கிய மறுநாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குடிநோயாளிகளோடு பணியாற்றும் ஆலோசகரான என்னிடம், முதல் நாள் வரும் நம்மவர்களில் பலர் ஒரே சான்றைத்தான் எடுத்து வைப்பார்கள்: “தைப்பூசத்துக்குப் பத்து நாள் தொடவே இல்லை, புரட்டாசி முழுக்கச் சுத்தமாக இருந்தேன், நான் எப்படிம்மா குடிகாரன் ஆவேன்?” அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பத்து நாளும் வீடே விரதம் இருக்கிறது, பாட்டில்கள் வீட்டை விட்டுப் போய்விடுகின்றன, மாலையானால் கோயிலில் நூறு பேர் கூட இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக விரதம் முடியும் தேதி நாட்காட்டியில் தெரிகிறது. காவடி இறக்கிய மறுநாள் அந்தத் துணை கலைகிறது; கொல்லையில் இறைச்சி சுடும் நெருப்பு மூள்கிறது, கேன் எனப்படும் கரும்புச் சாராயமும் பிராந்தியும் திரும்பி வருகின்றன. குடியை விட விரும்புபவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு என்பது அந்த மறுநாளுக்கானது.

குழுவைப் பற்றிச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். விரதத்தின் மூன்றாம் நாள் ஒருவர் பிதற்றினால் அதைக் கண்ணேறு என்று எண்ணித் திருநீறு பூசிக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 2020 மார்ச் 27 அன்று இங்கே ஊரடங்கோடு மதுவிற்பனையும் நின்றபோது, திட்டமிடாமல் நிறுத்த நேர்ந்தவர்களுக்கு இருந்த ஆபத்தும் இதுவே. ஆகவே முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற ஆதரவுக் குழு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரையொருவர் குடியிலிருந்து காத்துக்கொண்டதில் பிறந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 1946-லேயே வந்துவிட்டது. 0861 435 722 என்ற எண்ணை அழைத்து, உங்கள் வட்டாரத்தில் எந்த நாளில் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்கலாம். ‘திறந்த கூட்டம்’ என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அண்மையில் ஊரிலிருந்து வந்து ஆங்கிலத்தில் மனம் திறக்கத் தயங்குபவர்கள், தமிழகத்தவர் இணையவழி நடத்தும் தமிழ்க் கூட்டங்களில் சேரலாம். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மாலை நாலரை.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒருவரைத் திறந்த கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.) மாதா கோயில் மண்டபம் என்று தெரிந்ததும் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். “நான் முருகனுக்குக் காவடி எடுக்கிறவன், இங்கே எதற்கு?” என்றார். மண்டபம் வாடகைக்கு எடுத்தது, குழு எந்த மதத்தையும் சார்ந்ததன்று என்று விளக்கினேன். அவருடைய உண்மையான பயம் வேறு என்பது இருபது நிமிடம் கழித்துத்தான் வெளிவந்தது: உள்ளே தன் சம்பந்தி வீட்டார் யாரேனும் இருந்தால்? இருந்தால் அவர்களும் அதற்காகத்தான் வந்திருப்பார்கள் என்றேன். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பது குழுவின் மரபு. முழுப்பெயர் யாரும் கேட்பதில்லை.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, தானொரு குடிநோயாளி என்று தொடங்கி, மகளின் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அரைப் பாட்டிலைப் பற்றிச் சொன்னார். யாரும் குறுக்கிடவில்லை, புத்தி சொல்லவில்லை. என்னோடு வந்தவரின் முறை வந்தபோது, கேட்க மட்டும் வந்திருப்பதாகச் சொன்னார்; அது போதும் என்றார்கள். உறுப்பினராக வேண்டிய ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம்தான். கட்டணம் கிடையாது, சுற்றி வரும் பையில் முதல் நாள் வருபவர் எதுவும் போட வேண்டியதில்லை. ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று, குடியை விடுவதற்கு அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் வரும் இடத்தில் இவர் முருகனை வைத்துக்கொண்டார்.

இதற்குப் பலன் உண்டா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் தொகுத்துப் பார்த்தது; இந்தப் பன்னிரண்டு படி வழியில் முறையாக நடத்தப்படும் சிகிச்சை, குடியை அறவே தொடாமலிருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை விஞ்சுகிறது என்று கண்டது. எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குழு பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். குழுவுக்குக் குழு முகம் வேறு. குடும்பத்தாருக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான் தனியே உண்டு. கணவர் வராவிட்டாலும் மனைவி போகலாம்.

முதல் கூட்டத்திலேயே இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்வேன், குடித்த பிறகு அல்ல, குடிக்கத் தோன்றும்போதே அழைப்பதற்காக. காரை விட்டு இறங்க மறுத்தவர் நான்கு எண்கள் வாங்கினார். இந்த ஆண்டு தைப்பூச விரதம் தொடங்குவதற்கு முன்பே என்னை அழைத்து அவர் விசாரித்தது, காவடி இறக்கிய மறுநாள் மாலை எந்த மண்டபத்தில் கூட்டம் என்பதை.