பத்து நாளில் லண்டன் போக முடியாது, ஜிம்மி

சென்ற மாதத் தொடக்கத்தில் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கணவரோடும் நாய் ஜிம்மியோடும் என் மிருக வைத்திய நிலையத்துக்கு வந்தார். லண்டனில் மகளுக்குப் பேறுகாலம்; மூன்று மாதம் தங்கிவிட்டு வருவது ஏற்பாடு. விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, ஜிம்மிக்கென்று கொழும்பில் பயணப் பெட்டியும் வாங்கியாயிற்று. "ஜிம்மியையும் கூட்டிப்போக ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாருங்கள், டொக்டர். பத்து நாளில் பயணம்" என்றார்.

இந்த வருடம் இப்படி வந்து நின்ற நான்காவது குடும்பம் இது. ஐந்தாவது நேற்றுத் தொலைபேசியில் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆசிரியை கைப்பையிலிருந்து, பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தடுப்பூசி அட்டையை எடுத்தார். ஆறு வருடத்து விசர்நோய்த் தடுப்பூசி, ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு வரியிலும் மருந்துக் குப்பியின் சிட்டை ஒட்டியிருந்தது. இவ்வளவு ஒழுங்கான அட்டையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை. ஆனால் ஜிம்மியின் உடம்பில், தோலுக்கடியில் போடும் அடையாளச் சிப் இல்லை. ஆகவே அந்த ஆறு ஊசியும் பிரித்தானியாவின் கணக்கில் போடாத ஊசிதான்.

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் எவரும் ஏற்பதில்லை. "ஊசி போட்டிருக்கிறதே, சிப்பைப் பிறகு போட்டால் என்ன?" என்கிறார்கள். அட்டையில் 'ஜிம்மி, ஆண், பழுப்பு' என்று இருக்கிறது. செங்கலடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் பழுப்பு நிற ஜிம்மிகள் எத்தனை பேர்? ஊசி போட்டுக்கொண்டது இந்த ஜிம்மிதான் என்பதற்குச் சிப்பில் உள்ள 15 இலக்க எண் ஒன்றே சாட்சி. முதலில் சிப், கருவியால் எண்ணை வாசித்து எழுதுவது, அதன் பிறகு ஊசி. ஒரே நாளில் செய்யலாம், வரிசை மாறக்கூடாது. மாறினால் மறுபடியும் ஊசி. (நாய் தொலைந்தால் சிப் இடத்தைக் காட்டுமா என்று கேட்பவர்களுக்கு: காட்டாது. அரிசிமணி அளவு சாமானுக்குள் எண் மட்டும்தான் இருக்கிறது.)

"அப்படியென்றால் இன்றைக்கே சிப்பைப் போட்டுவிட்டு, பழைய திகதியை எழுதிவிடுங்களேன்" என்றார் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

ஊசிக்குப் பின் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வுகூடப் பரிசோதனையில் விசர்நோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலீட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கணக்குக்கு நான்கு மாதம். எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாயை அப்படியே இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொடுத்தனுப்பி, அது கெட்டுப்போய், நாயை இரண்டாம் முறை குத்திய அனுபவம் எனக்கும் உண்டு. இப்போது இரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தைப் பிரித்து ஐஸ் பெட்டியில்தான் அனுப்புகிறேன்.

பிரான்ஸ், ஜெர்மனி போகிறவர்களுக்கும் இதே வரிசைதான். அவுஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரே நாயைக் கொண்டுபோகவே முடியாது.

லண்டன் என்றால் இன்னும் இருக்கிறது. நாய் உங்கள் காலடியில் படுத்து வராது. சரக்காகப் பதிவு செய்துதான் இறக்க வேண்டும். இறங்குவதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்கு முன்னர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். சுகாதாரச் சான்றிதழில் அரசாங்க மிருக வைத்தியர் ஒப்பமிட வேண்டும். என் கடிதம் அங்கே செல்லாது. ஏதாவது பிழையானால் நான்கு மாதம் வரை தனிமைப்படுத்தல், அல்லது திருப்பி அனுப்புதல். செலவு உங்களுடையது. திரும்பி வருவதற்குக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

தூக்க மாத்திரை கேட்டு வராதீர்கள். தர மாட்டேன். விமானத்தின் அடிவயிற்றில் மயங்கிக் கிடக்கும் நாயின் மூச்சை யார் பார்ப்பது? பக் போன்ற சப்பை மூக்கு நாய் என்றால் விமானமே வேண்டாம். மட்டக்களப்பு வெயிலில் கட்டுநாயக்க விமான நிலையம் வரை வான் வண்டியில் போவதே அதற்குப் பெரும்பாடு.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து நாயோடு வருவதானால், புறப்படும் முன்னரே அங்கே இரத்தப் பரிசோதனை செய்து நாயின் பயணப் பத்திரத்தில் பதிந்துவிடுங்கள். திரும்பும்போது மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. உண்ணி மருந்து போடாமல் முற்றத்தில் விடாதீர்கள். இங்கத்தைய உண்ணிக் காய்ச்சல் அந்த நாய்களுக்குப் புதிது. பாசிக்குடாக் கரையில் கண்ட குட்டியின் மேல் ஆசையா? 12 வார வயதுக்கு முன் போட்ட விசர்நோய் ஊசி கணக்கில் வராது. அது விமானம் ஏறும்போது வயது ஏறத்தாழ ஏழு மாதமாகிவிடும். அதுவரை யார் வளர்ப்பது என்று தீர்மானித்துவிட்டுத் தூக்குங்கள்.

மூன்று வாரப் பயணமென்றால், தயவுசெய்து, நாயை அது அறிந்த ஒருவரோடு வீட்டிலேயே விடுங்கள். பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போகாதீர்கள்.

ஆசிரியை தனியே போய்விட்டார். பேரன் பிறந்திருக்கிறானாம். அன்றைக்கே சிப்பும் ஊசியும் போட்டதால், நேற்றுக் கணவர் ஜிம்மியை இரத்தம் எடுக்கக் கொண்டுவந்தார். பெட்டியைக் கதவு திறந்தபடி விறாந்தையில் வைத்திருக்கிறாராம். மத்தியான வேளைகளில் ஜிம்மி அதற்குள்தான் படுக்கிறதாம்.