ஒரு நரம்பைத் தளர்த்தினால் ஒரு பாலை மாறும்

"யாழ்க் கச்சேரிக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதி கூட்டவே மூன்று நிமிடம் ஆகிறது. வாசிப்பவருக்குப் பழக்கம் போதவில்லையா, கருவியில் கோளாறா?" என்று மதுரையிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே இல்லை. யாழ் என்றால் என்ன என்பதே அந்த மூன்று நிமிடத்தில்தான் தெரியும்.

வீணையில் தந்திக்கு அடியில் 24 மெட்டுகள். விரல் வைக்கும் இடத்தைப் பொறுத்து அதிரும் நீளம் குறையும், சுரம் ஏறும். இது தெரிந்த கதை. யாழில் மெட்டும் இல்லை, அழுத்திப் பிடிக்கத் தண்டும் இல்லை. வில்போல் வளைந்த கோட்டிலிருந்து, அதாவது கழுத்திலிருந்து, நரம்புகள் அந்தரத்தில் இறங்கி, தோல் போர்த்திய பத்தரில், ஒலி பெருக்கும் குடத்தில், முடிகின்றன. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வேறு சுரம் வேண்டுமானால் வாசிப்பை நிறுத்திவிட்டு நரம்பை முறுக்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் ராகம் மாறும்போது எல்லா நரம்பையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். எனக்கு யாழில் மிகவும் பிடித்ததே இந்த இடம்தான்.

ஏழு சுரம் கொண்ட தாய் ராகத்தைப் பழந்தமிழில் பாலை என்பார்கள். செம்பாலையில் தொடங்குவோம்; இன்றைய அரிகாம்போதி. அதில் கைக்கிளை நரம்பை, அதாவது காந்தாரத்தை, அரைச்சுரம் இறக்குங்கள். கோடிப்பாலை வந்துவிடும், அதுதான் கரகரப்பிரியா. அப்புறம் விளரியை, நம் தைவதத்தை, இறக்கினால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. துத்தத்தையும், ரிஷபத்தையும், இறக்கினால் விளரிப்பாலை, தோடி கேட்கும். மறுபடி செம்பாலைக்கு வந்து எதிர்த்திசையில் போவோம். தாரத்தை, நிஷாதத்தை, அரைச்சுரம் ஏற்றினால் அரும்பாலையாகிய சங்கராபரணம். அதற்கு மேல் உழையையும், மத்திமத்தையும், ஏற்றினால் மேற்செம்பாலையாகிய கல்யாணி. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு நரம்பு!

காரணம் இதுதான். குரலுக்கு, நம் ஷட்ஜத்துக்கு, ஐந்தாவது இளி, நம் பஞ்சமம். அந்த இளியையே குரலாக வைத்து அதற்கு ஒரு இளி, அதற்கும் ஒன்று என்று போனால் சுரங்கள் ஒரு சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். ஒரு பாலை என்பது அந்தச் சங்கிலியில் அடுத்தடுத்த ஏழு கண்ணிகள். ஒரு முனையில் ஒன்றைக் கழற்றி மறுமுனையில் ஒன்றைக் கோத்தால் அடுத்த பாலை. கழற்றியதற்கும் கோத்ததற்கும் இடையே, ஸ்தாயியை விட்டுப் பார்த்தால், இருப்பது சரியாக அரைச்சுரம். அதனால்தான் ஆறு நரம்புகள் அப்படியே நிற்க, ஒன்று மட்டும் நகர்கிறது.

நரம்பைத் தொடாமலே பாலை மாற்றவும் வழி உண்டு. செம்பாலையின் இளியைக் குரலாகக் கொண்டு வாசித்தால் அதுவே கோடிப்பாலை. எந்த நரம்பில் தொடங்கினாலும் மேலே ஏழு சுரம் கிடைக்க வேண்டுமே! சிலப்பதிகார அரங்கேற்று காதை "ஈரேழ்" நரம்பில் ஏழு பாலை நிறுத்துவதைப் பேசுகிறது. பதினான்கு. எண்ணிப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சரி, ஒரு நரம்புக்கு மூன்று நிமிடமா? அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அரைச்சுரம் ஏற்ற அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். மேல்நாட்டு ஹார்ப்பில் முன்னால் ஒரு தூண் நின்று இதைத் தாங்கும். யாழுக்குத் தூண் இல்லை. ஒன்றை முறுக்கினால் கோடு மயிரிழை வளையும், தோலும் சற்று அமுங்கும். மற்ற நரம்புகள் தளர்ந்துவிடும். நான் போன கச்சேரியில் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். அவர் ஒரே ஒரு நரம்பைத்தான் மாற்றினார். பிறகு காதைக் கோட்டருகே சாய்த்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சுண்டிச் சரிசெய்துகொண்டே வந்தார்.

இரண்டு நரம்புக்கு இடைப்பட்ட ஒலி யாழில் எளிதில் வராது. திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தை வாசிக்க முடியாமல் யாழையே உடைக்கப் போனார் என்கிறது பெரியபுராணம். அந்த வருத்தத்தில் கருவியின் இயற்பியலும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பழந்தமிழர் யாழ் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. பாட்டும் சிற்பமும்தான் சாட்சி. கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அவற்றைக் கொண்டு கணக்குப் போட்டு எழுதிய யாழ்நூல், 1947-ல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. இன்று இளைஞர்கள் மறுபடி யாழ் செய்து மேடையேற்றுகிறார்கள். பெரும்பாலும் சொந்தக் காசில். தமிழிசை பற்றிக் கருத்தரங்கு நடத்தப் பணம் கிடைக்கிற நாட்டில், ஒரு தச்சருக்கும் ஒரு இயற்பியல் மாணவருக்கும் சேர்த்து இரண்டு வருடச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வர வேண்டாமா? மரம், தோல், நரம்பு மூன்றையும் அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

அவர்களை முதலில் பர்மாவுக்கு அனுப்புவேன். அங்கே சௌங் என்ற வில்யாழ் இன்றும் உயிரோடு இருக்கிறது. மான்தோல் போர்த்திய உடல், 16 நரம்பு, தூண் இல்லாத வளைந்த கோடு. நரம்புகளை அந்தக் கோட்டில் சிவப்புக் கயிறுகளால் வரிவரியாகச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கயிற்றை நகர்த்தித்தான் சுருதி கூட்டுவது மரபு. பொருநராற்றுப்படை யாழின் திவவை, அதாவது கோட்டில் சுற்றிய வார்க்கட்டை, மாநிறப் பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையலுக்கு ஒப்பிடுகிறது. சௌங்கின் கழுத்தை ஒருமுறை பார்த்தால் அந்த வளையல் கண்ணுக்குத் தெரியும்.