பதிவேட்டில் பெயர் இருந்தால் போதுமா? அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டங்கள்

அமெரிக்காவில் சில பழைய கட்டடங்களின் வாசலில், 'வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது' என்று ஒரு வெண்கலப் பலகை பதித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் இனி அந்தக் கட்டடத்தை யாரும் தொட முடியாது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிக்க நினைத்தால், அந்தப் பதிவேடு தடுக்காது.

1966-ல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடத்தப்படும் பதிவேடு இது. பொதுவாகக் கட்டடத்துக்கு 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள ஒரு திட்டம் அந்தக் கட்டடத்தைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்கிறது 106-வது பிரிவு. ஆராயத்தான் சொல்கிறது, திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளூர்ப் பாரம்பரியச் சங்கம், கலந்தாலோசனையில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கும்படி எழுதிக் கேட்கலாம். இந்த வாய்ப்பை விடவே கூடாது.

அப்புறம், பதிவேட்டிலுள்ள கட்டடங்களுக்கு வரிச்சலுகை. புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதத்தை, கட்ட வேண்டிய மத்திய வருமான வரியில் 5 ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். கடை, விடுதி, வாடகை வீடு போல வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும்தான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. வேலையின் தரத்தையும் பார்ப்பார்கள். பழைய செங்கல் சுவரின் இடுக்குகளில் உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் கடினமான சிமென்ட்டைப் பூசினால், ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கலுக்குள் தங்கும். நாளடைவில் செங்கலின் முகமே பெயர்ந்து விழும். சுவரைக் கெடுக்கும் இப்படிப்பட்ட வேலைக்கு, வரிச்சலுகைக்குத் தேவையான சான்று கிடைக்காது. அதனால் வேலையைத் தொடங்குமுன்பே மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிப்பது நல்லது.

சரி, இடிப்பதைத் தடுப்பது எது? முதலாவது, நகராட்சியின் சொந்தச் சட்டம். சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே இப்படியொரு சட்டம் போட்டது. இத்தகைய சட்டமுள்ள வட்டாரத்தில் முகப்பை மாற்றவும் நகராட்சி அமைத்த குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனால் சில ஊர்களில் இடிப்பதைச் சில மாதம் தள்ளிப்போடும் அதிகாரம் மட்டும்தான் உண்டு.

இரண்டாவது, பத்திரத்தில் எழுதிவைக்கும் கட்டுப்பாடு. சங்கங்களின் உண்மையான பலம் இதுதான் என்பேன். சவானா நகரில் 1954-ல் பழைய சந்தைக் கட்டடத்தை வண்டி நிறுத்துவதற்காக இடித்தார்கள். மறு ஆண்டே ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு பாரம்பரிய அறக்கட்டளையைத் தொடங்கி, அதே கதிக்கு ஆளாகவிருந்த டேவன்போர்ட் வீட்டை வாங்கிக் காப்பாற்றினார்கள். அந்த அறக்கட்டளை பின்னர் சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்தியது. ஆபத்திலுள்ள வீட்டை வாங்குவது, 'இடிக்கக் கூடாது, கேட்காமல் முகப்பை மாற்றக் கூடாது' என்று பத்திரத்தில் எழுதி விற்பது, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்குவது. வீட்டை விற்காமலே, இப்படிக் கட்டுப்படுத்தும் உரிமையை உரிமையாளர் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கவும் வழியுண்டு. அதை ஈஸ்மென்ட் என்பார்கள். நிரந்தரமாக எழுதிக்கொடுத்தால், வீடு எத்தனை கைமாறினாலும் கட்டுப்பாடு கூடவே போகும். மீறினால் சங்கம் நீதிமன்றம் போகலாம். ஆனால் சங்கம் அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்துப் படமெடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீறல் நடந்ததே தெரியாது.

ஒரு கட்டடத்தைப் பற்றிக் கவலையா? நகரத் திட்ட அலுவலகத்தில் உள்ளூர்ப் பட்டியலைக் கேளுங்கள். பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதன் பத்திரத்தைப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால், உள்ளூர்ச் சங்கத்திடம் உடனே பேசுங்கள்.